குப்புராஜின் காந்தம்

மூச்சை இழுங்க, விடுங்க, இன்னொரு தடவை இழுங்க, விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க என்றது காதுக் கவசத்துக்குள் அந்தப் பெண்ணின் குரல். திருமூர்த்தி நிறுத்தினான், உடனே எம்.ஆர்.ஐ. இயந்திரம் கத்த ஆரம்பித்தது, தகரக் கூரைமேல் யாரோ சுத்தியலோடு ஓடுகிற மாதிரி டடடடவென்று ஒரே கதியில். சத்தம் அவனுக்குப் பொருட்டில்லை. கோயமுத்தூர் கணபதியில் இரும்புச் சாமானைத் தேய்த்து மட்டமாக்குகிற ஒரு கிரைண்டிங் கம்பெனியில் ராத்திரி ஷிப்டிலேயே பாதி ஆயுசைக் கழித்தவனைச் சத்தம் என்ன செய்துவிடும், சத்தத்துக்குள்ளேயே தூக்குப்போசியைத் திறந்து சத்தத்துக்குள்ளேயே தின்று கைகழுவியவன். சத்தம் நிற்கிற இடம்தான் ஆகாது. நின்றதும் மண்டைக்குள் இருப்பதெல்லாம் வெளியே வந்து உட்கார்ந்துகொள்ளும். மூக்குக்கு ஒரு சாண் மேலே வெள்ளைக் கூரை வளைந்து வந்து இரண்டு தோளையும் உரசியபடி இறங்கியது. வயிற்றின்மேல் தட்டையாக ஒரு பலகையை வைத்துப் பட்டையால் கட்டியிருந்தார்கள். வலது உள்ளங்கையில் ஒரு ரப்பர் குமிழ், பழைய லாரி ஹாரனில் இருக்குமே அது மாதிரி. ரொம்ப முடியலன்னா மட்டும் அமுக்குங்க சார், நான் வந்துருவேன், சும்மா அமுக்கிட்டீங்கன்னா எல்லாம் மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் மெர்லின், சட்டையில் குத்தியிருந்த அட்டையில் அப்படித்தான் பேர் போட்டிருந்தது, பேச்சு நாகர்கோவில் பக்கம். அவனுடைய பெரிய மகளைவிட நாலைந்து வயசுதான் மூத்திருப்பாள். மூச்சு விடலாம் சார். விட்டான். சத்தம் நின்றது. நின்ற அந்த நிமிஷத்தில்தான் இடது கண்ணுக்குள் ஏதோ ஒன்று ஊர்ந்த மாதிரி இருந்தது.

ஊரவில்லை. ஒன்றும் ஊரவில்லை. பகலில் தூங்குகிற ஆளைப் பகலில் படுக்கவைத்து முழித்திரு என்றால் கண் உறுத்தத்தான் செய்யும். வேறு எதையாவது நினைக்க வேண்டும், ஈரலை நினைக்கலாம், எதற்காக வந்தோமோ அதை. காலையில் கை நரம்பில் ஏற்றினார்களே, கருஞ்சிவப்பாக, பால் விடாத கட்டன் சாயாவில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு வைத்த மாதிரி ஒரு தண்ணீர், அது இப்போது எங்கே இருக்கும். இரும்புதான், இரும்புத் துரு மாதிரிதான் என்று தேதி குறித்த அன்றைக்கே சொல்லியிருந்தார் டாக்டர், ஆனா கண்ணால பாக்க முடியாத அளவுக்குப் பொடி, ஒவ்வொரு பொடிக்கும் மேல ஒரு பூச்சு உண்டு, சர்க்கரை வகையைச் சேர்ந்த பூச்சு. அதைக் கேட்டதும் அவன் மனைவி ராதாமணி பதறிப்போனாள், ஏனுங் டாக்டர், இவருக்குக் கிட்னியே சுகர்னாலதான் போச்சுங், இன்னும் சர்க்கரையவே ஏத்தறேங்கறீங்களே. டாக்டர் சிரித்தார், அது டீயில் போடுகிற சர்க்கரை இல்லை, வேறு மாதிரி, பூச்சு இல்லாவிட்டால் பொடியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், அதற்காகத்தான் அது. வழக்கமாகப் போடுகிற மருந்து கிட்னி வழியாக வெளியே போகவேண்டியது, திருமூர்த்தியின் கிட்னிக்கு அந்தத் தெம்பு இல்லை, அதனால் இந்த இரும்பு. இது ரத்த சோகைக்குப் போடுகிற மருந்துதான், நாங்கள் படம் தெரிவதற்கும் உபயோகிக்கிறோம் என்றார். ஈரல்ல குப்பை பொறுக்கற அணுக்கள் இருக்கு, அதுங்க இந்த இரும்பை எடுத்துத் தின்னும், தின்ன இடமெல்லாம் படத்துல கறுப்பாயிரும். கெட்ட கட்டின்னா அதுல அந்த அணு இருக்காது, தின்னாது, வெள்ளையாவே நிக்கும். அன்றிலிருந்து திருமூர்த்திக்கு உலகமே தலைகீழாகிவிட்டது. கறுப்பு நல்லது, வெள்ளை கெட்டது. முன்பு வயிற்றை ஸ்கேன் எடுத்த இடத்தில் ஈரலில் ஒரு புள்ளி என்று சொல்லிவிட்டார்கள், அந்தப் புள்ளி இரும்பைத் தின்கிற புள்ளியா தின்னாத புள்ளியா என்று பார்க்கத்தான் இத்தனையும். தின்னுடா, எடுத்துத் தின்னு என்று காலை முழுக்க மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான், சாப்பிட மறுக்கிற பிள்ளையைக் கெஞ்சுகிற மாதிரி.

பூச்சு என்ற சொல் அவனுக்குப் பிடித்திருந்தது. கம்பெனியில் கிரைண்டிங் முடிந்த சாமானை அப்படியே வைக்க மாட்டார்கள், துணியால் துடைத்து எண்ணெய் தடவித்தான் அடுக்குவார்கள், இல்லாவிட்டால் காற்றுப் பட்டே துருவேறிவிடும். படிப்பு ஒன்பதாவதோடு நின்றாலும் பொட்டலம் கட்டி வருகிற காகிதத்தைக்கூட விரித்துப் படிக்கிறவன் அவன், ராத்திரி மெஷின் தன்பாட்டுக்கு ஓடுகிறபோது பழைய அறிவியல் பத்திரிகைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், பாதி புரியும், புரியாத பாதி இரண்டு நாள் தொந்தரவு செய்யும். அப்படித்தான் இதுவும் தொந்தரவு செய்தது. இத்தனை பெரிய காந்தத்துக்குள்ளே போகிறோம், உடம்பு முழுக்க இரும்பு, இழுக்காதா? மெர்லினிடமே கேட்டான். இழுக்காது சார், அது அவ்வளவு பொடி, பெரிய துண்டா இருந்தாத்தான் ஆபத்து என்றாள். பெரிய துண்டுன்னா எவ்வளவு பெருசுங்? ஒரு மில்லிமீட்டர்கூட வேணாம் சார், அதுக்கும் சின்னதே போதும். மூச்சை இழுங்க. விடுங்க. இழுங்க. விட்டுட்டு நிறுத்துங்க. நிறுத்தினான். டடடட. ஒரு மில்லிமீட்டர்கூட வேணாம். அதுக்கும் சின்னதே போதும். இதை அவள் சொன்னது கேள்வியெல்லாம் கேட்டு முடித்த பிறகு. அதற்கு முன்னால் கேட்டிருந்தாள், ஒவ்வொன்றாக, பேஸ்மேக்கர் இருக்கா, எலும்புல கம்பி, பிளேட்டு வெச்சிருக்கா, குண்டடி பட்டிருக்கா, அதற்கு ராதாமணி வாயைப் பொத்திச் சிரித்தாள், குண்டா, பட்டாசு வெடிச்சாலே இவரு உள்ள ஓடிருவாருங். கண்ணுல இரும்புத்தூள் ஏதாவது இருக்கா? இல்லீங் என்றான். என்ன வேலை பாக்கறார்? கம்பெனில வேலைங் என்றாள் ராதாமணி. கோயமுத்தூரில் நாலு தகரத்தை நிறுத்தி ஒரு மோட்டாரைப் போட்டால் அது கம்பெனி. நாகர்கோவில்காரிக்கு அது எப்படித் தெரியும், அவள் மேஜை நாற்காலி போட்ட இடத்தை நினைத்திருப்பாள், தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

அது பொய்யா? மூச்சு விடலாம் சார். பொய் இல்லை. இருக்கா என்றுதானே கேட்டாள், பட்டிருக்கா என்று கேட்கவில்லையே. பட்டதை எடுத்தாயிற்று, எடுத்தது இல்லாதது. தூள் படாத கண்ணை வைத்துக்கொண்டு எவன் கிரைண்டிங் வேலை பார்க்கிறான். கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள், போட்டால் புகை படிந்து ஒன்றும் தெரியாது, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் எல்லாரும் நிற்பார்கள். கண்ணில் பட்டால் ஒருவரும் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள், போனால் அன்றைய வேலை போச்சு, அதோடு வேலை தெரியாதவன் என்ற பேரும் வரும். என்னடா ஆச்சு என்று சூப்பர்வைசர் கேட்டால், ஒண்ணுமில்லீங். அதுதான் பதில், கை நசுங்கினாலும் அதுதான் பதில். பட்டவன் நேரே கம்பெனியிலேயே மூத்த ஆளான குப்புராஜ் அண்ணனிடம் போய் மூஞ்சியைக் காட்டுவான். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய வட்டக் காந்தம் ஒன்றைச் சணல் போட்டுக் கட்டி மெஷின் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருப்பார் குப்புராஜ். கண்ணு டாக்டர் என்றே அவருக்குப் பேர். அண்ணாந்து பார்றா மாப்ள, எச்சியக் கூட முழுங்காத, எம் பொண்டாட்டி மூஞ்சியக்கூட இத்தனை கிட்ட வெச்சுப் பாத்ததில்லடா நானு, என்று பேசிக்கொண்டே இமையை மடக்கிப் பிடித்துக் காந்தத்தைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவருவார். பேச்சு நிற்காது. பேச்சில் பயம் போய்விடும். அப்புறம் காந்தத்தைத் திருப்பிக் காட்டுவார். வந்துருச்சு பாரு.

திருமூர்த்திக்கு எத்தனையோ தடவை எடுத்திருக்கிறார், அதில் ஒரு தடவைதான் இப்போது கண்முன் நிற்கிறது, பெரியவள் ராதாமணி வயிற்றில் இருந்த சமயம், விடியப்போகிற நேரம், ஷிப்ட் முடிவதற்குள் கடைசிச் சாமானை முடித்துவிடலாம் என்று அவசரப்பட்டுச் சாணைக்கல் வீலைக் கொஞ்சம் அதிகமாக இறக்கிவிட்டான், படீரென்று வீலின் ஓரமும் சாமானின் ஓரமும் சேர்ந்து சிதறின. மற்ற சமயம் பட்டால் மண் விழுந்த மாதிரி அறுக்கும். அன்றைக்கு அறுக்கவில்லை, ஊசி போட்ட மாதிரி ஒரு சுருக், அவ்வளவுதான், அப்புறம் வெறும் தண்ணீர். குப்புராஜ் அண்ணன் காந்தத்தை வைத்தார், திருப்பிக் காட்டினார், அதில் கறுப்பாக ஒரு தூள் ஒட்டியிருந்தது, வந்துருச்சு பார்றா மாப்ள, போய் வேலையப் பாரு. ஆமாங்ணா, வந்துருச்சு. மூச்சை இழுங்க. விடுங்க. ஆனால் அந்தக் காந்தம். இழுங்க. அந்தக் காந்தம் ஆணியில் தொங்கியது எங்கே, கிரைண்டிங் மெஷினுக்குப் பக்கத்தில். விட்டுட்டு நிறுத்துங்க. கிரைண்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் தொங்குகிற காந்தத்தில் தூள் ஒட்டாமல் எப்படி இருக்கும், எப்போதும் ஓரமெல்லாம் மீசை முளைத்த மாதிரித் தூள் ஒட்டிக்கொண்டுதானே இருக்கும். டடடடடட. காட்டிய தூள் எந்தத் தூள்? கண்ணிலிருந்து வந்ததா, முன்னாலேயே இருந்ததா? கண்ணுக்கு முன்னால் கொண்டுவருவதற்கு முன்பு குப்புராஜ் அதைத் துடைத்தாரா? பேண்ட்டில் தேய்த்துத் துடைப்பார், துடைத்துப் பார்த்திருக்கிறான். அன்றைக்குத் துடைத்தாரா? துடைக்கிற கை ஞாபகம் வருகிறது, அது அன்றைக்குத் துடைத்த கையா, இன்னொரு நாள் துடைத்த கையா? வந்துருச்சு பாரு. அந்தக் குரல் மட்டும்தான் தெளிவாகக் கேட்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை, போன ஐப்பசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்தாலும் என்ன சொல்லியிருப்பார், வந்துருச்சுடா மாப்ள, அதான் காட்டினேனல்லோ.

மூச்சு விடலாம் சார், நல்லாப் பண்றீங்க. நல்லாப் பண்ணுகிறான். அன்றைக்குப் பிறகு அந்த இடது கண்ணில் ஒரு கொசு. வலி இரண்டு நாளில் போய்விட்டது, கொசு போகவில்லை. காலையில் ஷிப்ட் முடிந்து வெளியே வந்து வெள்ளை வானத்தைப் பார்த்தால் கீழே ஓரமாக ஒரு கரும்புள்ளி, எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே ஓரத்தில் கூடவே வரும். வயசானால் எல்லாருக்கும் வருவதுதான் என்று யாரோ சொன்னார்கள், அப்போது அவனுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ராதாமணி ஒரு தடவை கேட்டாள், ஏனுங், ஒரு கண்ணை மூடி மூடிப் பாக்கறீங்க? ஒண்ணுமில்ல. சொல்லிச் சொல்லி அந்த ஒண்ணுமில்ல என்ற சொல்லே புள்ளியைச் சுற்றிக் கெட்டியாகப் படிந்துவிட்டது, உள்ளே என்ன இருக்கிறது என்று அவனே மறந்துபோகிற அளவுக்கு. இருந்தால், ஒருவேளை இருந்தால், உடம்பு சும்மா விட்டுவைத்திருக்குமா, சதை அதைச் சுற்றி ஒரு பூச்சுப் பூசியிருக்கும், நகக்கண்ணில் ஏறிய மரச் சிலாம்பைச் சுற்றி மூடிக்கொள்கிற மாதிரி. இத்தனை வருஷப் பூச்சு தாங்கும். தாங்குமா? கம்பெனியில் காந்தப் பலகை இருக்கிறது, அதன்மேல்தான் சாமானை வைத்து ஸ்விட்சைத் தட்டுவான், ஓர் ஆள் இரண்டு கையாலும் இழுத்தாலும் அசையாது, எண்ணெய் தடவியிருந்தாலும் அசையாது. பூச்சையெல்லாம் காந்தம் மதிக்காது. இந்த இயந்திரம் அதைப்போல எத்தனை மடங்கு. இப்போது கண் நிஜமாகவே ஊர்ந்தது. இல்லை, கண்ணீர். கண்ணோரமாக வழிந்து காதுக் கவசத்துக்குள் இறங்குகிறது. ரத்தமாக இருந்தால்? ரத்தம் சூடாக இருக்கும். கண்ணீரும் சூடாகத்தான் இருக்கும். கையைத் தூக்கித் தொட்டுப் பார்க்க முடியாது, தோள் இரண்டும் சுவரில் இடிக்கிறது. குமிழை அமுக்கலாம். அமுக்கினால் என்ன சொல்வது, அம்மா நான் மறந்துட்டேன் என்றா, பொய் சொன்னேன் என்றா? காலையில் ஏற்றிய இரும்பெல்லாம் வீணாகிவிடும். இந்தத் தேதிக்கு எத்தனை வாரம் காத்திருந்தார்கள். கண்ணில் இரும்பு என்றால் இந்தக் கதவு அவனுக்கு மூடிக்கொள்ளும், ஈரல் புள்ளி வெள்ளையா கறுப்பா என்று தெரியாமலே கிடக்கும். கண்ணா ஈரலா? இரண்டு கண்ணில் ஒன்றுதானே. ஒரு கண்ணை வைத்துக்கொண்டு யாராவது கிரைண்டிங் பண்ண முடியுமா, வீல் எங்கே இருக்கிறது, சாமான் எங்கே இருக்கிறது என்று ஆழம் தெரியாது, விரல் போய்விடும். பேசாமல் கிடப்போம். உள்ளே வரும்போது ஒன்றும் ஆகவில்லையே, ஆவதாக இருந்தால் அப்போதே ஆகியிருக்கும், பேசாமல் கிடந்து முடித்துவிட்டு எழுந்து போய்விடலாம், ஒண்ணுமில்ல.

இன்னும் ரெண்டே படம்தான் சார், முடிஞ்சதும் டக்குனு வெளிய எடுத்துடறேன் என்றது குரல்.

டக்குனு வெளிய. அவன் வலது கை தானாக இறுகியது. காந்தப் பலகைமேல் சாமான் நடுவில் இருக்கிறவரை ஒன்றும் தெரியாது, பேசாமல் கிடக்கும். ஸ்விட்சை அணைக்க மறந்து ஓரத்துக்கு இழுத்தால்தான் அதன் வேலையைக் காட்டும், விளிம்பைத் தாண்டுகிற இடத்தில் வெடுக்கென்று திருகிக்கொண்டு கையையும் சேர்த்து இழுக்கும், இடது சுண்டுவிரலில் இருக்கிற தழும்பு அப்படி வந்ததுதான். உள்ளே கிடப்பது பெரிசில்லை. விளிம்புதான். உள்ளே வரும்போது விளிம்பைத் தாண்டியாயிற்று, எப்படியோ தப்பித்தது, இன்னும் ஒரு தடவை தாண்டியாக வேண்டும், சொன்னாலும் தாண்ட வேண்டும், சொல்லாவிட்டாலும் தாண்ட வேண்டும், இங்கேயே குடியிருக்க முடியாது. சொல்லாவிட்டால் டக்கென்று. மூச்சை இழுங்க என்றாள். அவன் இழுக்கவில்லை. அமுக்கினான். ஒரு தடவை அமுக்கியது கேட்டிருக்காதோ என்று மறுபடி அமுக்கினான், விடாமல் அமுக்கினான்.

"என்னாச்சு சார்? மூச்சு முட்டுதா?"

"இல்லம்மா. கண்ணு."

"கண்ணுல என்ன?"

"அப்பக் கேட்டீங்களே, இரும்பு இருக்குதான்னு. இருந்தாலும் இருக்குமுங்."

மெர்லின் வேறு மாதிரியான குரலில் கேட்டாள், "சார், நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"கிரைண்டிங்குங்."

"கம்பெனின்னு சொன்னாங்களே!"

"கிரைண்டிங் கம்பெனிதானுங்."

கதவு திறந்து காலடி ஓடிவந்தது. தலையை அசைக்காதீங்க, கண்ணை மூடிக்குங்க, மூடின கண்ணுக்குள்ள முழியையும் உருட்டாதீங்க என்று மெர்லின் அவன் காலருகே நின்று சொன்னாள். இன்னொரு காலடி, டாக்டர். எப்பப் பட்டது என்றார். பெரிய பொண்ணு வயித்துல இருக்கறப்பங். பொண்ணு இப்ப என்ன பண்ணுது? காலேஜுங். டாக்டர் ஏதோ முணுமுணுத்தார். உள்ள போறப்ப வலிச்சதா? இல்லீங், இப்பத்தான் தண்ணி வருது. அது பயத்துல வர்ற தண்ணியா இருக்கும், மெதுவாத்தான் எடுப்போம், எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும், நீங்க ஒரு இடத்தையே பாத்துட்டு இருக்கற மாதிரி நினைச்சுக்குங்க. எந்த இடத்தை? மூடிய இமைக்குள் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, குப்புராஜின் காந்தம்தான் இருந்தது, சணலில் ஆடிக்கொண்டு, மீசை முளைத்து. அதையே பார்த்தான். படுக்கை அசைந்தது. அசைகிறதா இல்லையா என்றே தெரியாத அசைவு. மெர்லின் அவன் பாதத்தைப் பிடித்திருந்தாள், ஏன் பிடித்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"மருந்து வீணாப் போச்சுங்களா?" என்றான், உதடு மட்டும் அசைய.

"பேசாதீங்க சார். மருந்து எங்கயும் போகாது, நாளைக்கும் உங்க ஈரல்லயேதான் இருக்கும்."

எங்கேயும் போகாது. இதற்கா இத்தனை நேரம் கிடந்தான். "அப்ப நாளைக்கு வரலாமுங்களா?"

"மொதல்ல கண்ணை எக்ஸ்ரே எடுக்கணும்," என்றார் டாக்டர். "இரும்பு இல்லைன்னா வரலாம்."

"இருந்துதுன்னா?"

"இருந்தா இந்த ரூம் பக்கமே வரக்கூடாது. ஈரலுக்கு வேற வழி பாக்கணும், அது இவ்வளவு தெளிவா இருக்காது. பேசாம இருங்க, இப்ப ஓரத்துக்கு வந்துட்டோம்."

ஓரம். இமைக்கு வெளியே வெளிச்சம் சிவப்பானது. காந்தம் சணலில் மெல்லத் திரும்பியது, வந்துருச்சு பார்றா மாப்ள, வராதே, இருந்த இடத்திலேயே இரு, பூச்சை விட்டுவிடாதே, இத்தனை நாள் இருந்தாயே, இன்னும் ஒரு சாண். பல்லுக்குள் நாக்கு மாட்டிக்கொண்டு ரத்தம் உப்பாகக் கரித்தது, இரும்புச் சுவை. சுருக் என்று ஒன்றும் வரவில்லை. இனிமேல் வரும், இதோ, இப்போது. வரவில்லை. யாரோ தலைக்குக் கீழே கை கொடுத்து உட்காரவைத்தார்கள், தள்ளுவண்டியில் மாற்றினார்கள், கண்ணைத் திறக்காதீங்க, ரூமைத் தாண்டட்டும், சக்கரம் உருண்டது, கனமான கதவு ஒன்று பின்னால் சாத்திக்கொண்டது.

வராந்தாவில் ராதாமணியின் வளையல் சத்தம் கேட்டது. மெர்லின் அவளிடம் என்னவோ சொன்னாள், சொல்லி முடிப்பதற்குள் இவள் ஆரம்பித்துவிட்டாள், கடவுளே, கண்ணுல இரும்பா, எப்பங், எனக்குத் தெரியாம எப்பங், இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலாமல்லோ, வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க, என்று திட்டிக்கொண்டே அவன் முகத்தை முந்தானையால் துடைத்தாள். துடைத்துவிட்டு முந்தானையைப் பார்த்திருப்பாள். "தண்ணிதானுங். ரத்தமில்ல," என்றாள், குரல் இறங்கிப்போய்.

எக்ஸ்ரே அறைக்கு முன்னால் வண்டி நின்றது. இனிக் கண்ணைத் திறக்கலாம் என்றாள் மெர்லின். அவன் திறக்கவில்லை. வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான், ரப்பர் குமிழின் வாடை இன்னும் கையில் இருந்தது. இடது இமையை மட்டும் கொஞ்சமாக விலக்கினான். வெறும் வெள்ளை. வெள்ளை என்றால் கெட்டது என்று ஒரு கணம் உடம்பு சில்லிட்டுப்போய், அப்புறம் அது எதிர்ச் சுவர் என்று தெரிந்தது, சுவரில் ஒரு விரிசல் தெரிந்தது, விரிசலுக்கு முன்னால் ராதாமணியின் மூக்குத்தி தெரிந்தது. கண்ணை மெல்ல நகர்த்தினான், கீழே, ஓரத்துக்கு. கொசு இருந்தது. அதே இடத்தில், அதே அளவில், ஒரு மயிரிழைகூட நகராமல். அதைப் பார்த்து அழுகை முட்டிக்கொண்டு வந்தது, எதற்கு என்று அவனுக்கே பிடிபடவில்லை, கண் தப்பிவிட்டது என்றா, இனி அந்த ஸ்கேன் அறைக் கதவு தனக்குத் திறக்காது என்றா.

ராதாமணி குனிந்து அவன் முகத்துக்கு நேராக வந்தாள். "ஏனுங், ஒண்ணுமில்லீங்களே?"

"இருக்குது," என்றான் திருமூர்த்தி.